மேடைக்கு என்ன அவசரம்?

பள்ளி விட்டதும் ஆட்டத்துக்கும் பாட்டுக்கும் நாடகத்துக்கும் பிள்ளைகளை அனுப்புகிறோம். அங்கே என்ன நடக்கிறது, என்ன நடக்க வேண்டும்?

தமிழ்நாட்டில் எந்தச் சிற்றூருக்குப் போனாலும் கடைத்தெரு மாடிப்படி ஓரத்தில் அந்த ஃப்ளெக்ஸ் தொங்குகிறது. பரதம், வெஸ்டர்ன் டான்ஸ், கீபோர்டு, சிலம்பம், டிராயிங், அபாகஸ். மூன்று வயது முதல் சேர்க்கை நடைபெறுகிறது. மாலை 5 முதல் 6 வரை. மேடையேற்றம் உறுதி. பக்கத்தில் நெற்றிச்சுட்டியும் சலங்கையுமாக ஒரு பெண் குழந்தையின் படம். பெரும்பாலும் அது இணையத்தில் எடுத்ததாக இருக்கும்.

அந்தக் கடைசி உறுதிமொழியை நம்பித்தான் பெற்றோர் பணம் கட்டுகிறார்கள். ஆண்டு விழா நெருங்க நெருங்க மாதக் கட்டணத்தோடு உடை வாடகை, மேக்கப், கேடயம், சான்றிதழ், வீடியோ என்று கணக்கு நீளும். மூன்று நிமிடப் பாட்டு ஒன்றுக்கு மாதக்கணக்கில் ஒரே அசைவைப் போட்டுப் போட்டுப் பழகிய பிள்ளைகளில் பாதிப் பேர், அன்றைக்கு விளக்கு வெளிச்சத்தைக் கண்டதும் அப்படியே நின்றுவிடுவார்கள். திரை ஓரத்திலிருந்து மிஸ் ஆடிக் காட்டுவார். பிள்ளைகள் கூட்டத்தை மறந்து, பக்கவாட்டில் திரும்பி, மிஸ்ஸைப் பார்த்துக்கொண்டே ஆடி முடிப்பார்கள். கீழே கைபேசிகள் உயர்ந்தபடி இருக்கும். ஏழு வயதுப் பிள்ளைக்குப் புரியாத காதல் வரிகளுக்கு இடுப்பை அசைக்கக் கற்றுத் தந்தவர் யார் என்று எந்த அப்பாவும் கேட்பதில்லை. வாட்ஸ்அப்பில் குடும்பக் குழுவுக்கு அனுப்புவதில் மும்முரமாக இருப்பார்.

ஐந்து முதல் ஒன்பது வயது வரையுள்ள பிள்ளைக்குக் கலை வகுப்பில் கிடைக்க வேண்டியவை எத்தனையோ உண்டு. அந்த வரிசையில் மேடைக்குக் கடைசி இடம்தான். ஆனால் நம் ஊரில் அதுதான் முதலில் வந்து நிற்கிறது. வகுப்பு முழுவதும் விழாவுக்கான ஒத்திகையாகிப்போகிறது.

பெஞ்சுகளை ஓரம் கட்டிய ஹால்

இதற்கு மாறான வகுப்புகளும் நடக்கின்றன, பெரும்பாலும் ஃப்ளெக்ஸ் இல்லாமல். ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் பள்ளி விட்ட பிறகு நடந்த நாடகப் பட்டறையை ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். பெஞ்சுகளைச் சுவரோரம் அடுக்கிவிட்டு, சிமெண்ட் தரையில் சாக்பீஸால் பெரிய வட்டம் போட்டிருந்தார்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை இருபதுக்குள்தான் பிள்ளைகள். முதலில் ஆளுக்கொரு கிண்ணம் சுண்டல், தண்ணீர். பசித்த பிள்ளையிடம் கற்பனையை எதிர்பார்க்கக் கூடாது என்பது சொல்லித்தந்த பெண்ணின் கட்சி. பிள்ளைகள் அவரை மிஸ் என்று கூப்பிடவில்லை, அக்கா என்றார்கள்.

சாப்பிட்டு முடித்ததும் எல்லோரும் கையை உதறி, காலை உதறி, தலையை உருட்டி, பெருமூச்சு விட்டார்கள். அதன் பிறகு கண்ணாடி விளையாட்டு. இருவர் எதிரெதிரே நிற்க வேண்டும். ஒருவர் மெதுவாகச் செய்வதை மற்றவர் கண்ணாடியில் தெரிவதுபோல் அப்படியே செய்ய வேண்டும். யார் செய்கிறார், யார் பின்பற்றுகிறார் என்று பார்ப்பவருக்குத் தெரியாத அளவுக்கு மெதுவாக. வகுப்பில் வாலைச் சுருட்டாத இரண்டு பையன்கள் இமைகூட அசைக்காமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு ஒரு விரலை உயர்த்தியதைப் பார்த்தால் அவர்களுடைய வகுப்பு ஆசிரியரே நம்ப மாட்டார்.

அடுத்து அக்கா ஒரு பழைய சிவப்புத் துப்பட்டாவை நடுவில் போட்டார். "இது துப்பட்டா கிடையாது. அப்ப என்ன?" ஒருத்தி அதைத் தொட்டிலாக்கினாள். ஒருவன் கழுத்தில் சுற்றி ஸ்டெதாஸ்கோப் என்றான். இன்னொருவன் தரையில் நெளியவிட்டுப் பாம்பாக்கினான். எல்லோரும் அலறி ஓடினார்கள். நான்காவதாக வந்த பையன் அதை மடித்து, தோளில் போட்டுக்கொண்டு, தள்ளாடி நடந்தான். யாரும் சிரிக்கவில்லை. அக்கா ஒன்றும் கேட்காமல், "சரி, அடுத்தது யாரு?" என்று சாதாரணமாக நகர்ந்துவிட்டார். அவனோடு அவர் பேசியது வகுப்பு முடிந்து பிள்ளைகள் கலைந்த பிறகு, தனியாக, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு. அத்தனை பேருக்கு நடுவில் அவனை நோண்டாமல் விட்டாரே, அந்த நிதானத்தை எந்தச் சான்றிதழ் படிப்பு சொல்லித் தரும் என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு சிறுமி மட்டும் கடைசிவரை வட்டத்துக்குள் வரவில்லை. அவளை யாரும் கையைப் பிடித்து இழுக்கவும் இல்லை. ஜால்ராவைக் கொடுத்து, "காட்டுல மழை வரப்போ நீ சத்தம் கொடுக்கணும்" என்று சொல்லி உட்கார வைத்தார்கள். கதையில் மழை வந்தது. அவள் தட்டினாள். சற்று நேரம் போனதும், "அக்கா, நானே மழையா வரட்டுமா?" என்றாள். "வாயேன். சாரலா, அடைமழையா?" "அடைமழை."

அந்த ஒரு மணி நேரத்தில் மேடை இல்லை, உடை இல்லை, கைபேசி ஒன்றுகூட உயரவில்லை.

மூளை வளருமா?

கலை வகுப்பு நடத்துபவர்கள் பலரும் இப்போது மூளை வளர்ச்சியைத்தான் விளம்பரம் செய்கிறார்கள். கீபோர்டு கற்றால் கணக்கு வரும், நடனம் ஆடினால் ஞாபகசக்தி கூடும் என்கிறார்கள். இதில் எவ்வளவு உண்மை?

இதை ஒழுங்காகச் சோதித்துப் பார்த்த ஆய்வுகள் குறைவு. அவற்றில் அதிகம் பேசப்படுவது, கனடாவின் டொரன்டோ பல்கலைக்கழக உளவியலாளர் கிளென் ஷெல்லன்பெர்க் 2004இல் வெளியிட்டது. ஆறு வயதுப் பிள்ளைகள் 144 பேரைக் குலுக்கல் முறையில் நான்காகப் பிரித்தார். ஒரு பிரிவுக்குக் கீபோர்டு, ஒன்றுக்கு வாய்ப்பாட்டு, ஒன்றுக்கு நாடகம், ஒன்றுக்கு எதுவும் இல்லை. ஓராண்டு கழித்துப் பார்த்தால் நால்வகையினருக்கும் நுண்ணறிவு ஈவு உயர்ந்திருந்தது, ஏனென்றால் எல்லோருமே அந்த ஆண்டு பள்ளிக்குப் போயிருந்தார்கள். இசை கற்றவர்களுக்குச் சராசரியாக 7 புள்ளி, மற்றவர்களுக்கு 4 புள்ளிக்குச் சற்று மேல். வித்தியாசம் உண்டு, ஆனால் சிறியது. கீபோர்டு விற்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

நமக்கு முக்கியமானது அதற்கு அடுத்த வரி. நாடகம் கற்ற பிள்ளைகளுக்கு நுண்ணறிவு ஈவில் கூடுதல் உயர்வு எதுவும் இல்லை. ஆனால் மற்றவர்களோடு ஒத்துப்போவது, சூழலுக்கேற்ப நடந்துகொள்வது ஆகியவற்றில் அந்தப் பிரிவு மட்டும் முன்னேறியிருந்தது. இசைப் பிரிவுகளில் அது நடக்கவில்லை. இன்னொரு விவரத்தையும் கவனிக்க வேண்டும்: அங்கே ஒரு வகுப்பில் ஆறு பிள்ளைகள்தான். நம் மாடி வகுப்புகளில் நாற்பது பேரை நிற்கவைத்து ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டுவிட்டு அதே பலனை எதிர்பார்த்தால் எப்படி?

ஆகவே நாடகப் பட்டறைக்கு அனுப்பினால் கணக்கில் நூறு வரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தன் முறை வரும்வரை காத்திருக்கவும், எதிரில் நிற்பவரின் முகத்தைப் படிக்கவும், பயமில்லாமல் வாய் திறந்து ஒரு வாக்கியம் பேசவும் பிள்ளை கற்றுக்கொள்ளலாம். எனக்கு அதுவே போதுமென்று படுகிறது. மதிப்பெண்ணைக் காட்டித்தான் கலையை விற்க முடியும் என்ற நிலைமைக்கு நாம் வந்து சேர்ந்ததுதான் வருத்தம்.

பாய்ஸ் கம்பெனி போன காலம்

சின்னப் பிள்ளைகளை வைத்து நாடகம் போடுவது நமக்குப் புதிதல்ல. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். நடிகர் தி.க. சண்முகம் தன் சகோதரர்களோடு அதில் சேர்ந்தபோது அவருக்கு வயது ஆறு. சிறுவர்களுக்காகச் சுவாமிகள் ஒரே இரவில் 'அபிமன்யு சுந்தரி'யை எழுதி முடித்ததை அவர் தன் வரலாற்று நூலில் வியந்து சொல்கிறார். எம்.ஜி.ஆரும் சிவாஜி கணேசனும் இப்படிச் சிறுவர்களே நடித்த பாய்ஸ் கம்பெனிகளில் தொழில் கற்றவர்கள்தான். தமிழ் சினிமாவின் உச்சரிப்பு சுத்தமும் மனப்பாட சக்தியும் அந்தக் கொட்டகைகளில் விளைந்தவை.

பெருமைப்படலாம். ஆனால் அந்தச் சிறுவர்களுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. வறுமையால் கம்பெனியில் விடப்பட்டவர்கள் அவர்கள். இரவெல்லாம் ஆட்டம், பகலில் நாடகப் பாடம், தவறினால் அடி. பெரியவர்களின் பிழைப்பைச் சுமந்த குழந்தைகள். இன்றைக்கு அதைச் சட்டம் அனுமதிக்காது. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டமும் அதன் 2017ஆம் ஆண்டு விதிகளும் குழந்தைக் கலைஞர்களை ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, ஓய்வில்லாமல் தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது, வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கையாவது பிள்ளையின் பெயரில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும் என்கின்றன. தொலைக்காட்சிப் போட்டிகளுக்குப் பிள்ளையைத் தயார்செய்யும் பெற்றோர் முதலில் படிக்க வேண்டியது இந்த விதிகளை.

அந்தப் பழைய முறைக்கு உள்ளிருந்தே ஒரு பதில் வந்தது, காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில். பெ. ராஜகோபால் கட்டைக்கூத்துக் குடும்பத்தில் பிறந்தவர். பத்து வயதில் படிப்பை விட்டுவிட்டுத் தந்தையின் குழுவோடு ஆடப் போனவர். கூத்தா படிப்பா என்று எந்தப் பிள்ளையும் தேர்ந்தெடுக்க நேரக் கூடாது என்று அவரும் அவர் மனைவி ஹன்னே டி புருயினும் 2002இல் புஞ்சரசந்தாங்கல் கிராமத்தில் கட்டைக்கூத்து குருகுலத்தைத் தொடங்கினார்கள். பள்ளிப் பாடமும் கூத்துப் பயிற்சியும் ஒரே வளாகத்தில். ஆண்களே பெண் வேடம் கட்டிவந்த கூத்தில் அங்கே சிறுமிகளும் அர்ச்சுனனாகவும் துரியோதனனாகவும் கட்டை கட்டி ஆடினார்கள். குருகுலம் 2020இல் மூடப்பட்டது. அது மாலைநேர வகுப்பல்ல, உறைவிடப் பள்ளி. ஆனாலும் நம் மாலை வகுப்புகள் அதனிடம் கற்க ஒன்று உண்டு. பிள்ளை எந்த வேடம் போடும் என்பதைப் பிள்ளையின் பிறப்பு தீர்மானிக்க அங்கே விடவில்லை. நம் ஆண்டு விழாக்களில் சிவந்த பிள்ளைக்கு இளவரசி வேடமும் கறுத்த பிள்ளைக்கு மரம், இல்லையென்றால் அரக்கி வேடமும் இன்னும் போய்க்கொண்டிருக்கின்றன.

குழந்தைகளுக்காகவே நாடகம் என்று வாழ்ந்தவர்களில் புதுச்சேரியின் வேலு சரவணனைச் சொல்லாமல் விட முடியாது. அவருடைய ஆழி குழுவின் 'கடல் பூதம்' பார்த்த பிள்ளைகள் சும்மா உட்கார்ந்து பார்த்தவர்கள் அல்லர். பதில் சொல்வார்கள், எச்சரிப்பார்கள், கோமாளியைக் கேலி செய்வார்கள். நாடகம் அதையும் வாங்கிக்கொண்டு நடக்கும். பேசாதே, கையைக் கட்டு என்று நாள் முழுவதும் கேட்ட பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை!

இருப்பதைப் பயன்படுத்துகிறோமா?

தனியார் வகுப்புக்குப் பணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அரசு ஏற்பாடு எதுவும் இல்லை என்று நினைத்தால் தவறு. கலை பண்பாட்டுத் துறையின் கீழ் ஜவகர் சிறுவர் மன்றங்கள் பல ஆண்டுகளாக மாவட்டந்தோறும் இயங்குகின்றன. பாட்டு, பரதம், ஓவியம், சிலம்பம் என்று ஐந்து வயது முதல் பதினாறு வயது வரையுள்ளவர்களுக்குச் சொற்பக் கட்டணத்தில் சொல்லித்தருகிறார்கள். சங்கடம் என்னவென்றால் இவை பெரும்பாலும் மாவட்டத் தலைநகரிலேயே இருக்கின்றன. முப்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கிராமத்துப் பிள்ளை பஸ் பிடித்து வந்து போவதற்குள் இருட்டிவிடும்.

2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கிய அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம், அந்தத் தொலைவை உடைத்தது. மாலை ஐந்திலிருந்து ஏழு வரை, அதே தெருவில் இருக்கும் தன்னார்வலர், திண்ணையிலோ கோயில் மண்டபத்திலோ. கொரோனாவில் விட்டுப்போன பாடத்தைப் பிடிப்பதுதான் அதன் நோக்கம் என்றாலும், பாட்டும் கதையும் விளையாட்டும் இல்லாமல் அங்கே பிள்ளைகளை இரண்டு மணி நேரம் உட்கார வைக்க முடியாது என்பதைத் தன்னார்வலர்கள் முதல் வாரத்திலேயே தெரிந்துகொண்டார்கள். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்கு அந்தத் தன்னார்வலர்கள் செய்த வேலை பெரிது.

2022இல் அரசுப் பள்ளிகளுக்கான கலைத் திருவிழா வந்தது. கலையரசன், கலையரசி பட்டங்கள், பள்ளி அளவில் தொடங்கி மாநில அளவு வரை சுற்றுகள். பறையும் ஒயிலாட்டமும் கிராமத்துப் பள்ளியிலிருந்து சென்னை மேடைவரை ஏறியதில் எனக்கு மகிழ்ச்சியே. பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு அது நல்ல உந்துதல். ஆனால் போட்டி என்பது ஏற்கெனவே ஆடத் தெரிந்தவரைக் கண்டெடுக்கும் கருவி. ஆடத் தெரியாத, வட்டத்துக்கு வெளியே ஜால்ராவோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அதில் இடம் எங்கே? முதல் சுற்றிலேயே அவள் வெளியே. சின்ன வகுப்புகளுக்குப் பரிசு வேண்டாம், வாரத்தில் இரண்டு நாள் வகுப்பு வேண்டும்.

அந்த வகுப்பை எடுக்க ஆள்? 2012இல் ஓவியம், உடற்கல்வி, இசை உள்ளிட்ட பாடங்களுக்காக 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள், வாரத்துக்கு மூன்று அரைநாள், மாதம் 5,000 ரூபாய். தொகை பிறகு படிப்படியாக உயர்ந்தது, பணி நிரந்தரக் கோரிக்கை மட்டும் போராட்டத்திலிருந்து போராட்டத்துக்கு நகர்ந்துகொண்டே இருக்கிறது. அந்த நியமனமும் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்காகத்தான். தொடக்கப் பள்ளியில் ஒரே ஆசிரியரே தமிழும் கணக்கும் எடுத்து, எமிஸ் என்னும் பள்ளித் தகவல் தளத்தில் பதிவும் போட்டு, ஆண்டு விழா நடனத்தையும் யூடியூப் பார்த்துச் சொல்லித்தருகிறார். இன்னொரு பக்கம் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிந்த கூத்துக்காரர்களும் கரகாட்டக்காரர்களும் திருவிழாக் காலம் முடிந்தால் கூலி வேலைக்குப் போகிறார்கள். இரண்டையும் இணைக்கப் பெரிய திட்ட அறிக்கை தேவையில்லை. பயிற்சி தர வேண்டும், மதிப்பூதியம் தர வேண்டும், பிள்ளைகளோடு பழகத் தகுந்தவரா என்று விசாரித்து எடுக்க வேண்டும்.

சேர்க்கும் முன் கேட்டுப் பாருங்கள்

பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று கேட்கும் பெற்றோரிடம் நான் சொல்வது, முதல் நாளே முழு ஆண்டுக் கட்டணத்தைக் கட்டாதீர்கள் என்பதுதான். ஒரு வகுப்பை வெளியே நின்று பாருங்கள். பார்க்க அனுமதிக்காத இடத்தில் பிள்ளையை விடாதீர்கள், எவ்வளவு பெரிய குருவாக இருந்தாலும் சரி. கதவு, ஜன்னல் திறந்திருக்கிறதா, பெண் உதவியாளர் இருக்கிறாரா, தோரணையைத் திருத்தப் பிள்ளையைத் தொடும் முன் சொல்லிவிட்டுத் தொடுகிறாரா என்று கவனியுங்கள். "வேண்டாம்" என்று பிள்ளை சொன்னால் அந்த வகுப்பில் அது செல்லுபடியாக வேண்டும்.

ஆறு வயதுக் குழந்தையை அரைமண்டியில் நிமிடக்கணக்கில் நிறுத்தி வைக்கும் இடமும், தொண்டை கம்மும்வரை உச்ச ஸ்தாயியில் கத்தவைக்கும் இடமும் வேண்டாம். நிதானமான ஆசிரியர் சின்னப் பிள்ளையை முதலில் தாளத்துக்கு நடக்க விடுவார், கதை கேட்க விடுவார். வகுப்பு முடிந்து வரும் பிள்ளையிடம் "இன்னைக்கு என்ன ஸ்டெப் கத்துக்கிட்ட, ஆடிக் காட்டு" என்று கேட்கும் தாத்தா பாட்டிகளுக்கும் ஒரு வார்த்தை: விருந்தாளி வந்தவுடன் பிள்ளையை ஹாலுக்கு நடுவில் நிறுத்தாதீர்கள். தானாக ஆடினால் பாருங்கள்.

ஒரே மாலையில் டியூஷன், ஹிந்தி, கீபோர்டு, டான்ஸ் என்று நான்கையும் அடைப்பதைவிட ஒன்றும் சேர்க்காமல் தெருவில் கல்லா மண்ணா விளையாட விடுவது மேல். ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடமே கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018இல் உத்தரவிட்டது. அப்படி மிச்சமான நேரத்தை இன்னொரு வகுப்பைக் கொண்டு நிரப்பினால் அந்த உத்தரவுக்கு என்ன பொருள்?

பிள்ளை திடீரென்று வகுப்புக்குப் போக மறுத்தால் சோம்பல் என்று முடிவுகட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். சந்தேகம் எழுந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண் நாள் முழுவதும் இருக்கிறது. 14417 பள்ளிக் கல்வித் துறையின் எண்.

அரசுப் பள்ளியில் பிள்ளையைப் படிக்க வைக்கும் பெற்றோருக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு உறுப்பினர்கள் பெற்றோர்கள்தான். அடுத்த கூட்டத்தில் கழிப்பறை, குடிநீர் பற்றிப் பேசி முடித்ததும் இதையும் எடுங்கள்: வாரத்தில் இரண்டு நாள், பள்ளி விட்ட பிறகு ஒரு மணி நேரம், ஹாலைத் திறந்து வைக்க வேண்டும், ஊரில் இருக்கும் ஒரு கூத்துக் கலைஞரையோ கதை சொல்லத் தெரிந்த ஓர் ஆசிரியரையோ கூப்பிட வேண்டும், பிள்ளைகளுக்குச் சுண்டல் தர வேண்டும். தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வாருங்கள்.